உப்புக் குடிலுக்கு வந்தவர்கள்

எங்கள் உப்பளக் காலனியில் பனி பெய்யாது. ஆனால் பாலன் பிறந்தது பனிக்காலத்தில் என்று எந்தக் காலத்திலோ எந்தச் சாமியாரோ சொல்லி வைத்துவிட்டதால், கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முந்தித் தொடங்கும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று வீட்டுக்கு வீடு குடில் கட்டி, சிமெண்டுப் பையைக் கசக்கிக் காவி பூசி மலையாக நிறுத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் படுக்க வைத்து, பிஸ்கட் டப்பாவில் நெல்லை முளைக்கப் போட்டு, கடைசியில் பனிக்குப் பதிலாக நல்ல வெள்ளை உப்பாகப் பார்த்துக் கொண்டுவந்து பரப்புவோம். அதன் மேல் மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் மாடும் கழுதையும் நிற்பார்கள், அவர்களோடு வீட்டில் கிடக்கிற பொம்மை அத்தனையும் நிற்கும்: பிளாஸ்டிக் புலி, தொப்பி போன போலீஸ்காரர், மட்டையை ஓங்கிய கிரிக்கெட்காரர், பஞ்சுத்தாடி கிறிஸ்மஸ் தாத்தா, ஒற்றை இறக்கை விமானம். பெத்லகேமில் விமானம் எதற்கு என்று எங்கள் காலனியில் யாரும் யாரையும் கேட்டதில்லை. பாலன் படுக்கும் தீவனத் தொட்டி மட்டும் நடுச்சாமப் பூசை வரைக்கும் காலியாக இருக்கும்.

இதனால்தான் அந்த வருஷம் குடில்களுக்குள் ஆட்கள் வரத் தொடங்கியபோது நாங்கள் பல நாள் அதைக் கவனிக்கவே இல்லை. அத்தனை கூட்டத்தில் புதிதாக ஒருத்தர் வந்து நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது.

அந்த வருஷமும் எல்லா வருஷத்தையும் போலத்தான் தொடங்கியது. பூசை முடிந்து வந்து, இட்லி தின்ற கை காய்வதற்குள், என் பக்கத்து வீட்டுத் தெக்லாவும் அவள் வீட்டுக்காரர் சந்தியாகுவும் கிறிஸ்மஸுக்கு எத்தனை பேருக்குத் துணி எடுப்பது என்று பேச உட்கார்ந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், ஒட்டுக் கேட்டேன் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், காலனி வீட்டுச் சுவரைக் கட்டினவனிடம் போய்க் கேளுங்கள்.

“ஒரு கை விரலுக்கு மேல போகக் கூடாது,” என்றார் சந்தியாகு. ஒவ்வொரு வருஷமும் அவர் அப்படித்தான் தொடங்குவார். “நீ, நான், லின்சி, எங்க அம்மா, கோயில்ல மணியடிக்கிற கோயில்பிள்ளை. முடிஞ்சுது.”

“அப்ப உங்க அக்கா?”

“அக்காவுக்குப் போன வருஷம் எடுத்தாச்சுல்லா.”

“போன வருஷம் சோறு தின்னாச்சுன்னு இந்த வருஷம் திங்காம இருக்கியளா?”

சந்தியாகு குடில் பெட்டியைத் திறந்து, பழைய செய்தித்தாள் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். தெக்லா பிரித்துப் பிரித்து உப்பில் நிறுத்திக்கொண்டே வந்தாள். இந்தப் புலி, இந்தப் போலீஸ், இந்தத் தாத்தா என்று வீட்டில் இத்தனை குப்பையை வாங்கிச் சேர்த்தது யார் என்று அவள் அவரைக் கேட்க, நான் எப்பம் வாங்கினேன், நீதான் வாங்கியிருப்ப என்று அவர் சொல்ல, அந்தச் சண்டையும் வருஷா வருஷம் நடப்பதுதான். அதை முடித்துவிட்டு மறுபடியும் விரலை மடக்கினார்கள். ஐந்து ஏழாயிற்று, ஏழு ஆறாயிற்று. எத்தனை தடவை எண்ணினாலும் ஒரு பேர் வரும் இடத்தில் மட்டும் இரண்டு பேரும் விரலை மடக்காமல் கொஞ்சம் நிறுத்தி, பிறகு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பேர் இஞ்ஞாசி. தெக்லாவின் கூடப் பிறந்த அண்ணன்.

இஞ்ஞாசி எங்கள் காலனியில்தான், கடைசி வரிசையில், தனியாகக் குடியிருந்தார். உப்பு மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கச்சியைத் தவிர ஆள் கிடையாது. தெக்லாவுக்கு லின்சி பிறந்தபோது ஞானத்தகப்பன் அவர்தான் என்று காலனிக்கே தெரியும். ஞானஸ்நானத்துக்குக் குழந்தைக்கு லேஸ் வைத்த வெள்ளைக் கவுன் நம் ஊர்க் கடையில் சரியில்லை என்று முதல்நாளே மதுரைக்குப் போனவர், திரும்பி வருகிற பஸ் வழியில் படுத்துவிட்டதால், குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, அவருக்குப் பதிலாகக் கோயில்பிள்ளை குழந்தையைத் தாங்கி, போட்டோவும் எடுத்து முடித்த பிறகுதான் கோயில் படியில் வேர்க்க வேர்க்க வந்து நின்றார். தெக்லாவுக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த கவுன் பொட்டலம் கண்ணில் படவில்லை. “இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனிமே என் வாசப்படி ஏறிராத,” என்றாள். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். ஒரு வாரத்தில் போயிருந்தால் அவளே காப்பி போட்டுக் கொடுத்திருப்பாள். ஆனால் இஞ்ஞாசி சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள்.

அவர் ஏறவில்லை, அந்த முகத்தோடு ஏறவில்லை. ஞானஸ்நானம் நடந்த அந்த வருஷம் டிசம்பரிலேயே கேரல் குழுவுக்குக் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட ஆள் தேடியபோது இஞ்ஞாசி தானே போய்ப் பேர் கொடுத்தார். அதிலிருந்து வருஷா வருஷம் ரோஸ் கன்னம் வைத்த முகமூடியும் பஞ்சுத்தாடியும் சிவப்பு அங்கியும் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், எல்லா வீட்டிலும் “ஹேப்பி கிறிஸ்மஸ்” என்று தொண்டை கிழியக் கத்தி ஆடிவிட்டு, தெக்லா வீட்டுக்குள் மட்டும் வாயைத் திறக்காமல் ஆடி, லின்சி கையில் மிட்டாய் கொடுத்துவிட்டு, தெக்லா நீட்டுகிற கேக்கை வாங்கிக்கொண்டு வெளியே போவார். தெருவிளக்குக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று முகமூடியை மேலே தூக்கித் தின்பார். தெக்லா ஜன்னலில் நின்று பார்ப்பாள். அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பாடு இறங்காது, எனக்குத் தெரியும்.

லின்சிக்கு ஒன்பது வயதாகும்வரை இப்படியே போயிற்று. அந்த வருஷம்தான் குடிலுக்குள் ஆட்கள் வந்தது.

முதலில் பார்த்தது கோயில்பிள்ளை வீட்டு லூர்தம்மா. ராத்திரி தூறலில் காற்று ஈரமாகி உப்பு இறுகிக் கிடந்த ஒரு காலையில், குடில் உப்பின் மேல் ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் எறும்பைவிடப் பெரிசு, எலியைவிடச் சிறிசாக ஒரு காலடித் தடம் போயிருந்தது. தடம் முடிகிற இடத்தில், இடையர்களுக்குப் பின்னால், விரல் உயரத்தில் மண்ணால் செய்து வர்ணம் தீட்டிய சுரூபமாக, எங்கள் காலனிக்குக் கேஸ் கொண்டுவருகிற மாடசாமி தோளில் சிலிண்டரோடு நின்றுகொண்டிருந்தார். லூர்தம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குத் தோள் வலிக்குமோ என்று பயந்து, சிலிண்டரை மட்டும் தோளிலிருந்து இறக்க முடியுமா என்று நகத்தால் தட்டிப் பார்த்தாள். அது இறங்கவில்லை, அப்படியே திரும்ப வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் எல்லாரும் குனிந்து உப்பைப் பார்த்தோம், எல்லா வீட்டிலும் தடம் இருந்தது. இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது, இவர் எதற்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றுதான் கேட்டோம். அதற்கும் வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்மஸ் மாசத்தில் ஒருத்தர் குடிலில் வந்து நின்றால் எதற்காக நிற்கிறார் என்று எங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும். துணிக்குத்தான்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தந்த வீட்டுக்கு எப்படி வருவார்களோ அப்படியே வந்தார்கள். கடைசி வரிசையில் குடியிருக்கும் தெரசா நர்ஸ், ஊசி போடப் போகிற வீட்டுக் குடில்களில் வெள்ளை யூனிபாரமும் கைப்பையுமாக நின்றாள். சீனி கடன் வாங்கப் போகிற பக்கத்து வீட்டுக் குடிலில் நைட்டியும் கிண்ணமுமாக நின்றாள். மாமியார்மார் குடையோடு வந்தார்கள். பூக்காரி தலையில் கூடையோடு வந்து, உப்பில் கால் சறுக்கிய தடத்தோடு நின்றாள். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் பவுல்துரை, யார் வந்தாலும் இடம் இருக்கக் கூடாது என்று பெரிய குடிலைக் கலைத்துவிட்டுச் செருப்புப் பெட்டியில் சின்னதாக ஒன்று கட்டினார். மறுநாள் பார்த்தால் வந்தவர்கள் எல்லாம் அதற்குத் தக்கபடி சிறுத்து, டவுன் பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிலும் முன்வரிசையில் நின்றது, அவர் பத்து வருஷமாகப் பேசாத சொந்தத் தம்பி. அதை எடுத்துக் கொல்லையில் எறிந்தார். விடிந்ததும் முழங்கால் வரை சேற்றோடு அதே இடத்தில் நின்றது. பவுல்துரை சம்சாரம் சேற்றைத் துடைத்துவிட்டு, “வேட்டியா பேண்டா, அதச் சொல்லுங்க மொதல்ல,” என்று அவரிடம் கேட்டாள்.

பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சும்மா குடில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டுக்குப் போய், மாதா எவ்வளவு அழகு, நெல் எவ்வளவு பச்சை என்று புகழ்ந்துகொண்டே கண்ணால் தன்னைத் தேடினார்கள். தான் அங்கே இருந்தால் பார்க்காத மாதிரி உட்கார்ந்து இரண்டு முறுக்குக் கூடுதலாகத் தின்றார்கள். இல்லையென்றால் காப்பி வேண்டாம், வயிறு சரியில்லை என்று எழுந்தார்கள். டீக்கடை காசிம் பாய் கிட்டத்தட்டப் பாதிக் காலனியில் கையில் டீ கிளாஸோடு நின்றார், அத்தனை துண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கவலைப்பட்டார். ஆனாலும் ஆசை விடவில்லை, தன் கடைப் பலகையிலும் ஒரு பிடி உப்பைப் பரப்பி வைத்துவிட்டுப் போனார். காலையில் அதில் அவர் கடை வாசலில் படுத்துக்கிடக்கும் நாய் வந்து நின்றது. பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அன்றிலிருந்து அதற்கு உடைந்த பிஸ்கட் போடுவதை நிறுத்தி முழு பிஸ்கட்டாகப் போட்டார்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் இது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் கோயில் குடிலை ஒரு வாரம் திரை போட்டு மூடி வைத்திருந்தார், யாருமே கிடையாது என்று நாங்கள் நினைத்திருந்த அவருடைய ஊருக்கு ஒரு கம்பளியும் ஒரு சேலையும் பார்சல் அனுப்பினார் என்று தபால்காரர் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியது என்பது உண்மை.

தெக்லா வீட்டுக்கும் வந்தார்கள். முதலில் சந்தியாகுவின் அக்கா, குடையும் கோபமுமாக. பிறகு மாடசாமி, பூக்காரி, தெரசா நர்ஸ், லின்சியின் கணக்கு டீச்சர், இன்னும் மூன்று பேர், நான் கூட வந்தேன், கையில் ஒரு கிண்ணம் மீன் குழம்போடு, பார்க்க லட்சணமாகவே இருந்தேன். சந்தியாகுவின் ஒரு கை விரல் கணக்கு அப்பவே தீர்ந்து, இன்னொரு கையும் நிறையப் பார்த்தது. வீட்டு ஆட்கள் போக வந்தவர்கள் ஒன்பது பேர்.

தினமும் விடிந்ததும் தெக்லா முகம் கூடக் கழுவாமல் குடில் முன்னால் போய்க் குனிவாள். அவள் யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும், சந்தியாகுவுக்கும் தெரியும், சொன்னால் கடித்துக் குதறிவிடுவாள் என்று சும்மா இருந்தோம். ஒன்பது வருஷமாக அவள் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்லை வெளியே எடுக்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. குடில் சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்று சொல்லி ஒரு சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், மானமும் போகாது, அண்ணனும் வந்துவிடுவார். இஞ்ஞாசி வந்தாரா என்றால், இல்லை. ஒரு நாள் சந்தேகம் தாங்காமல் அவள் ஒவ்வொரு பொம்மையாகக் காலடியில் உப்பைப் பார்த்துக்கொண்டே போனாள். மாடசாமிக்குத் தடம் இருந்தது, எனக்கும் இருந்தது. புலிக்கு இல்லை, போலீஸுக்கு இல்லை, நெல் டப்பாவுக்குப் பின்னால் நின்ற தாத்தாவுக்கும் இல்லை, கடையில் வாங்கின பொம்மை எங்கிருந்து நடந்து வரும். அவள் எழுந்து கையில் ஒட்டிய உப்பைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த வாரத்தில் காசிம் பாய் கடையில் இஞ்ஞாசி சந்தியாகுவைப் பார்த்துவிட்டார். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தச் சண்டையில் சேரவில்லை, கண்டால் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு இஞ்ஞாசி டீயை ஆற்றிக்கொண்டே வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினாராம்.

“மச்சான், உங்க குடில்ல யாரு யாருல்லாம் வந்துருக்காவ?” என்று பிறகு கேட்டாராம்.

சந்தியாகு ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். இஞ்ஞாசி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். கடைசிப் பேரும் முடிந்த பிறகும் தலையை ஆட்டாமல் காத்திருந்தாராம்.

“அவ்வளவுதான் மச்சான்,” என்று சந்தியாகு சொல்ல வேண்டியதாயிற்று.

“சரி சரி. நல்ல கூட்டம்தான்,” என்று இஞ்ஞாசி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து, இந்தத் தடவையோட வேஷம் போடுறத விட்டுறலாம்னு பாக்கேன், முட்டி வலிக்கு, அடுத்த வருஷம் வேற யாரையாவது பாத்துக்கிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சந்தியாகு வந்து இதைச் சொன்னபோது தெக்லா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை. ஆனால் வேஷத்தை விட்டுவிட்டால் அண்ணன் இனி எந்த முகத்தோடும் தன் வீட்டுக்குள் வரமாட்டார் என்பது அவளுக்கு அந்த நேரத்திலேயே புரிந்துவிட்டது. அன்று சுட்ட முறுக்கில் உப்பே இல்லை, நான் தின்றேன்.

மறுநாள் துணிக்கடைக்குப் போனார்கள், துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ஒன்பது பேருக்கும் எடுத்து முடித்து, சந்தியாகு பைகளைத் தூக்கிவிட்டார். தெக்லா மட்டும் சட்டைப் பக்கம் நின்றவள் நகரவே இல்லை. நீலத்தில் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, எல்லாருக்கும் எடுத்தாச்சுல்லா. இது யாருக்கு?”

“அண்ணனுக்கு.”

சந்தியாகு என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். “குடில்ல வரலியே தெக்லா,” என்றார் மெதுவாக. அவர் தடுக்கச் சொல்லவில்லை. காலனியில் அந்த வருஷம் குடிலில் வராத ஒருத்தருக்கு யாரும் எதுவும் எடுக்கவில்லை. வந்தவருக்குக் கொடுக்காமல் இருக்கவும் பயம், வராதவருக்குக் கொடுக்கவும் பயம், எங்கே அது நம்மைவிடப் பெரிய ஏதோ ஒரு கணக்கில் கை வைத்ததாகிவிடுமோ என்று.

“குடிலா அண்ணங்கூடப் பொறந்துது? நான்லா பொறந்தேன்,” என்றாள் தெக்லா. கடைப் பையன் என்ன அளவு என்று கேட்டான். அவளுக்கு அது தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் ஆள் இளைத்தாரா பெருத்தாரா என்று அந்தச் சிவப்பு அங்கிக்கு மேல் என்ன தெரியும். அழுதுகொண்டே, “எங்க அப்பா அளவு குடுங்க,” என்றாள். அந்தப் பையனுக்கு அவள் அப்பாவை எப்படித் தெரியும், ஆனாலும் நல்ல பையன், ஒன்றும் கேட்காமல் பெரிசாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

இருபத்து மூன்றாம் தேதி பொழுது அடைகிற நேரத்துக்குக் கேரல் குழு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. டிரம் சத்தம் கேட்டதும் தெக்லா ஓடிப்போய்ச் சட்டைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன், கேக் வெட்டிக் கொடுக்க ஆள் வேண்டாமா. பையன்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே நுழைந்து பாட, நடுவில் இஞ்ஞாசி முகமூடியும் தாடியுமாக வாயைத் திறக்காமல் ஆடினார். அந்தத் தடவை ஆட்டம் மெதுவாக இருந்தது. லின்சி கையில் மிட்டாயைக் கொடுத்தார். தெக்லா கேக்கை நீட்டவில்லை. அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, போகிற போக்கில், மற்ற எல்லாரையும் போல, குடில் பக்கம் லேசாகக் குனிந்தார்.

முகமூடியின் கண்ணோட்டை சின்னது. அதற்குள்ளிருந்து பார்த்தால் ஒருத்தர் முகமும் சரியாகத் தெரியாது. அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மாடசாமியைப் பார்த்து, என்னைப் பார்த்து, டீச்சரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே குனிந்து தேடினார். சந்தியாகு ஒவ்வொரு பேராகச் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை போகவில்லை என்று தெரிந்தது. டிரம் அடித்த பையன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

“அண்ணே,” என்றாள் தெக்லா.

அவர் குனிந்தபடியே நின்றார்.

“முகமூடியோட பாத்தா ஒண்ணுந் தெரியாது. அதக் கழட்டிட்டுப் பாருண்ணே.”

இஞ்ஞாசி நிமிர்ந்தார். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் என்றேன் அல்லவா, இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். தாடியும் ரோஸ் கன்னமும் சேர்ந்து கையோடு வந்தது. உள்ளே ஒன்பது வருஷம் மூத்துப்போன, வேர்வையில் நனைந்த, கோயில் படியில் நின்ற அதே முகம் இருந்தது. தெக்லா சட்டைப் பொட்டலத்தை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். “உனக்குத்தான். அளவு தெரியாம எடுத்துட்டேன். நீ குடில்ல வரல, ஆனா நான் எடுத்துட்டேன்,” என்றாள்.

இஞ்ஞாசி பொட்டலத்தைத் திறக்காமல் தடவிக்கொண்டே நின்றார். எல்லாரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தோம். “லின்சிக்கு வாங்கின கவுன் இன்னும் வீட்டுல கெடக்கு,” என்றார்.

“கொண்டா. அவ பிள்ளைக்குப் போடுவோம்,” என்றாள் தெக்லா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பையன்கள் சிரித்துவிட்டார்கள், சந்தியாகு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மிட்டாயை வாயில் போட்டபடி குடில் முன்னால் உட்கார்ந்திருந்த லின்சி மட்டும் சிரிக்காமல் நெல் டப்பாவைத் தள்ளிவிட்டு உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நம்ம தாத்தாவும் தாடிய எடுத்துட்டாரு,” என்றாள்.

நாங்கள் எல்லோரும் குனிந்தோம். முளைத்து வளர்ந்த நெல்லுக்குப் பின்னால், இத்தனை நாள் பஞ்சுத்தாடியோடு நின்ற கிறிஸ்மஸ் தாத்தா, தாடியையும் முகமூடியையும் கழற்றி இடது கையில் தொங்கவிட்டபடி நின்றார். விரல் உயரத்துக்கு இஞ்ஞாசி. நெற்றியில் வேர்வை கூட இருந்தது. யார் ஒரு வீட்டுக்கு எப்படி வருவாரோ அப்படித்தான் அந்த வீட்டுக் குடிலில் நிற்பார் என்று நாங்கள் எத்தனை தடவை பேசியிருப்போம், நைட்டியில் நின்ற தெரசாவைப் பார்த்து எத்தனை சிரித்திருப்போம், இஞ்ஞாசி அந்த வீட்டுக்குத் தாத்தாவாகத்தானே வருவார் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டிரம் பையன் மொபைல் வெளிச்சத்தைப் பிடித்து உப்பில் தடம் தேடினான். தடம் இல்லை. பொம்மையைச் சுற்றி உப்பு கலையாமல் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அப்படியென்றால் இவர் எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இஞ்ஞாசி கூடக் கேட்டார்.

தெக்லா அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புலியும் போலீஸும் வருவதற்கு முன்னாலேயே இது பெட்டியில் இருந்தது. லின்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அந்த வருஷத்து டிசம்பரிலிருந்து, யார் வாங்கினது என்று சந்தியாகுவோடு சண்டை போட்டுக்கொண்டே, ஒவ்வொரு டிசம்பரிலும் செய்தித்தாளைப் பிரித்து, தாடியில் தூசு தட்டி, உப்பில் சாயாமல் நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மறுபடி சுற்றிப் பத்திரமாகப் பெட்டியில் படுக்க வைத்த கையை அவள் விரித்துப் பார்த்தாள்.

“அண்ணன் நடந்து வரல,” என்றாள். “வருசா வருசம் நான்தான் தூக்கிக் கொண்டாந்து வச்சிருக்கேன்.”